பழைய காருக்கு ரிப்பேர் கவர் வாங்கலாமா? திருமாந்துறையில் நின்ற ஒரு வண்டியின் கணக்கு

அக்கா போன் செய்தபோது மதியம் மணி 2.40. 2024 மே 11, சனிக்கிழமை, நல்ல அக்னி நட்சத்திரம். "தம்பி, வண்டி நின்னு போச்சுடா. பானெட்லேருந்து புகையா வருது. அம்மா உள்ளேதான் இருக்காங்க" என்றாள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திருமாந்துறை டோல்கேட்டைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் வண்டி நின்றிருக்கிறது. திருச்சி போய்ச் சேர இன்னும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர்.

அம்மாவை இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிழலில் உட்கார வை, ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதே என்று சொன்னேன். எல்லாம் செய்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டபோது அவள் கேட்டாள்: "வருஷா வருஷம் எட்டாயிரம் கட்டறோமே, அந்த ரிப்பேர் கவர். அது இதுக்குத்தானே?"

இதற்குப் பதில் தெரிய எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. நான் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவன். பாகங்களின் விலை தெரியும், பில் படிக்கத் தெரியும். அதனால் அக்காவின் ஃபைல் முழுவதையும் எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். பத்து வருடம் தாண்டிய கார் வைத்திருக்கும் எல்லோரிடமும் இதே கவரை விற்க யாராவது வருகிறார்கள் என்பதால், பார்த்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வண்டியும் காகிதங்களும்

2011 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல், சின்ன ஹேட்ச்பேக். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பதின்மூன்று வயதான எந்த வண்டிக்கும் இது வரும். அக்கா இதை 2022 ஜூனில் செகண்ட் ஹேண்டில் வாங்கினாள். நின்றபோது மீட்டர் 92,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

அவளிடம் மூன்று விதமான பாதுகாப்பு இருந்தது. மூன்றையும் சேர்த்து 'இன்சூரன்ஸ்' என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

முதலாவது, வழக்கமான முழு வாகனக் காப்பீடு. விபத்து, திருட்டு, தீ, வெள்ளம், மூன்றாம் நபர் பொறுப்பு எல்லாம் இதில் வரும். ஆனால் வண்டி தானாகப் பழுதானால் இதில் ஒரு பைசா வராது. நம் நாட்டுத் தனியார் கார் பாலிசியின் வாசகத்திலேயே பின்விளைவு இழப்பு, மதிப்புக் குறைவு, தேய்மானம், இயந்திர அல்லது மின் பழுது ஆகியவற்றுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று தெளிவாக இருக்கிறது. வண்டியை இழுத்துப் போகும் செலவுக்கு அதில் 1,500 ரூபாய் வரை இடம் உண்டு. அதுவும் விபத்து நடந்தால்தான்.

இரண்டாவது, அந்தப் பாலிசியோடு சேர்த்து வாங்கிய சாலையோர உதவி. ஆர்எஸ்ஏ என்று சொல்வார்கள். 250 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 295. பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஸ்டார்ட், பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டித் தருவது, ஓடாத வண்டியை 50 கிலோமீட்டர் வரை ஏற்றிப் போவது, இவ்வளவுதான் அதில் உண்டு.

மூன்றாவதுதான் ரிப்பேர் கவர், வண்டி தானாகப் பழுதானால் செலவை ஏற்பதாகச் சொல்லும் ஒப்பந்தம். வண்டியை விற்ற டீலரே கையோடு கொடுத்தது. வருடத்துக்கு 6,800 ரூபாய், ஜிஎஸ்டி 1,224, ஆக 8,024. "இன்ஜின், கியர்பாக்ஸ் முழுக்க கவர் ஆயிடும் மேடம்" என்று சொல்லி விற்றார்கள். 2023-ல் புதுப்பித்தாள். இரண்டு வருடத்துக்குக் கட்டியது 16,048.

ரோட்டில்

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் முதலில் அடிக்க வேண்டிய எண் 1033. சுங்கச்சாலைகளில் ரோந்து வண்டியும் கிரேனும் அந்த எண்ணில்தான் வருகின்றன. எந்தக் கவரும் வாங்க வேண்டியதில்லை. அக்கா கூப்பிட்ட இருபது நிமிடத்தில் ஆட்கள் வந்து, பின்னால் கூம்பு வைத்து, வண்டியைப் பத்திரமான ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பழுதான வண்டியை விட, பழுதான வண்டிக்குப் பின்னால் வேகமாக வரும் லாரிதான் ஆபத்து.

ஆர்எஸ்ஏ வண்டி வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் அங்கே வந்த ஒரு தனியார் கிரேன்காரர் திருச்சி வரை 6,500 கேட்டார். ஆர்எஸ்ஏ கணக்கில் 50 கிலோமீட்டர் இலவசம், மிச்சம் 40 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டருக்கு 40 ரூபாய், ஆக 1,600 கொடுத்து வண்டி திருச்சிக்கே வந்துவிட்டது. பெரம்பலூரில் தெரியாத பட்டறையில் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்கவில்லை. 295 ரூபாய் கட்டியதற்கு 4,900 ரூபாய் மிச்சம். சமதளப் படுக்கை வண்டியில் ஏற்றி வந்தார்கள், கொக்கி போட்டு இழுக்கவில்லை. அம்மாவும் அக்காவும் டாக்சி பிடித்து ஆறரை மணிக்கு வீடு சேர்ந்தார்கள். டாக்சிக் காசு கையிலிருந்துதான்.

பட்டறையில்

திங்கட்கிழமை நான் திருச்சிக்குப் போனேன். எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறார். பானெட்டைத் திறந்ததும் அவர் முதலில் தொட்டது ஆயில் குச்சியைத்தான். உருவி, துணியில் துடைக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் அதிகமாக ஊற்றிய டீ மாதிரி இருந்தது. "தண்ணி கலந்துடுச்சு தம்பி. ஹெட் கேஸ்கெட் போயிருக்கு" என்றார். இன்ஜினின் மேல் பகுதிதான் ஹெட். அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் நீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு ஹெட் கேஸ்கெட்.

நடந்தது இதுதான். ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம். இரண்டு பக்கமும் இருக்கும் தொட்டிகள் பிளாஸ்டிக். பதின்மூன்று வருடம் சூட்டிலும் அழுத்தத்திலும் இருந்த பிளாஸ்டிக், உலோகத்தோடு மடித்துச் சேர்த்த விளிம்பில் முடி அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. வண்டியின் கூலிங் சிஸ்டம் ஒரு குக்கர் மாதிரி. மூடியின் அழுத்தம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். குக்கர் கேஸ்கெட் போனால் விசில் வராத மாதிரி, விரிசல் விட்டால் அழுத்தம் நிற்காது. நீர் சீக்கிரம் கொதித்து ஆவியாகிவிடும்.

அக்காவிடம் துருவித் துருவிக் கேட்டேன், டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் எப்போது ஏறியது, எப்போது நிறுத்தினாய் என்று. அவள் சொன்னதைக் கேட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது முள் மேலே ஏறியிருக்கிறது. கிளம்பிக் காற்று பட்டதும் மெல்ல இறங்கியிருக்கிறது. சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டியிருக்கிறாள். உண்மையில் அது சரியாகவில்லை. வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் முழுகியிருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். நீர் வற்றிப்போனால் அது வெறும் ஆவியைத்தான் அளக்கும், முள் இறங்கவும் செய்யும். அப்படி ஆறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது வண்டி.

பாய் மறுநாள் ஹெட்டைக் கழற்றி, துடைத்து, மேஜையில் கவிழ்த்து வைத்தார். நேரான இரும்புப் பட்டையை அதன் மேல் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடித்தார். இரண்டாவது சிலிண்டருக்கு மேலே ஒரு நூல் வெளிச்சம் வந்தது. அந்த இடுக்கில், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் 0.15 மில்லிமீட்டர் தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பல இன்ஜின்களுக்கு 0.05 வரைதான் பொறுக்கும். லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்து, அதாவது மட்டமாகச் சீவி எடுத்தால் போதும், மாற்ற வேண்டியதில்லை என்றார். ரேடியேட்டரிலிருந்து வடிந்தது செங்கல் நிறத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

பில் இப்படி வந்தது: ரேடியேட்டர் 3,400. ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் 1,450. ஹெட் கேஸ்கெட் செட் 2,200. லேத் வேலை, வால்வு உட்பட 2,800. பிரித்தது பிரித்ததுதான் என்று டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் 2,600, வாட்டர் பம்ப் 1,500. ஆயில், ஃபில்டர், கூலன்ட் 2,700. கூலி 6,500. மொத்தம் 23,150.

கவர் கம்பெனியின் பதில்

கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமையே தகவல் சொல்லிவிட்டோம். எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை இன்ஜினைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். செவ்வாய் காலை வந்தார், படம் எடுத்தார், போனார். பதினோரு நாள் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. நான்கு காரணம் எழுதியிருந்தார்கள்.

ஒன்று, பழுதின் மூலம் ரேடியேட்டர், அது கவர் ஆகும் பாகங்களின் பட்டியலில் இல்லை. இது சரிதான். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பிஸ்டன், கிராங்க், கேம் ஷாஃப்ட், வால்வு, ஹெட், ஹெட் கேஸ்கெட், ஆயில் பம்ப் இருக்கின்றன. ரேடியேட்டர், ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட் எதுவும் இல்லை.

இரண்டு, கவர் ஆகாத பாகத்தால் கவர் ஆகும் பாகத்துக்கு வரும் சேதம் பின்விளைவுச் சேதம், அதற்குப் பொறுப்பில்லை. காகிதப்படி இதுவும் சரி. ஆனால் இந்த ஒரு வரியில்தான் அந்தக் கவரின் உயிரே போகிறது என்பது என் கருத்து. ஒழுங்காக ஆயில் மாற்றும் பெட்ரோல் வண்டியில் பிஸ்டனோ கிராங்கோ தானாக உடைவதை அபூர்வமாகத்தான் பார்க்கலாம். வெளியிலிருந்துதான் அதற்குக் கேடு வரும். ரேடியேட்டர் ஒழுகும், ஹோஸ் வெடிக்கும், வாட்டர் பம்ப் நிற்கும், டைமிங் பெல்ட் அறும், ஆயில் சீல் கசியும். இவை எல்லாவற்றையும் பட்டியலுக்கு வெளியே வைத்துவிட்டு, இவற்றால் வரும் சேதத்தையும் வெளியே வைத்தால், 'இன்ஜின் முழுக்க கவர்' என்ற சொல்லுக்கு என்ன மிஞ்சும்? காசு கட்டிய ஒரு பெண்ணுக்கு அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

மூன்று, எச்சரிக்கை வந்த பிறகும் வண்டியை ஓட்டியது. இது நியாயமில்லை. முள் இறங்கிய கதையை எழுதிக் கொடுத்தோம், அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பதிலில் இல்லை.

நான்கு, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்த பில் இல்லை. அக்காவிடம் இருந்தது பாய் கையால் எழுதிக் கொடுத்த சீட்டுகள். பழைய வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் தெரிந்த பட்டறைக்குப் போகிறோம். இந்த நிபந்தனையை மதித்து நடந்தால், சர்வீஸுக்கே வருடத்துக்கு இன்னும் சில ஆயிரம் கூடும். கவரின் உண்மையான விலையில் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒத்துக்கொண்டிருந்தால்?

கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா கேட்டாள்: "சரி, இவங்க ஒத்துக்கிட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?" அதுவரை நான் அந்தக் கணக்கைப் போடவில்லை. போட்டுப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது.

பில்லில் கவர் ஆகும் இனங்கள் மூன்றுதான். கேஸ்கெட் செட் 2,200, லேத் 2,800, கூலியில் ஹெட் வேலைக்கான பங்கு சுமார் 4,000. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது: 80,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்குப் பாகங்களின் விலையில் பாதியை உரிமையாளர் ஏற்க வேண்டும். கேஸ்கெட்டில் 1,100 போய்விட்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் முதல் 1,000 ரூபாய் நம்முடையது. அதையும் கழித்தால் 6,900.

ஒரு வருடத்துக்குக் கட்டும் தொகை 8,024. அதாவது நடுரோட்டில் இன்ஜின் வெந்து, ஹெட் வளைந்து, கம்பெனியும் முழு மனதோடு ஒத்துக்கொண்டு பணம் கொடுத்திருந்தாலும், அந்த ஒரு வருடத்துச் சந்தாவே திரும்பி வந்திருக்காது.

பாகங்களில் பாதியைக் கழிப்பது இந்தக் கம்பெனி மட்டும் கண்டுபிடித்த வழியல்ல. சாதாரண வாகனக் காப்பீட்டிலேயே பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம். வயதான வண்டிக்கு எந்தக் காகிதத்தை வாங்கினாலும், புதிய பாகத்தின் விலையில் பாதி நம் பையிலிருந்துதான் போகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது.

முழு இன்ஜினே போயிருந்தால்? அதற்கும் பார்த்தேன். ஒப்பந்தத்தில் ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு 30,000. இன்ஜின் ரீபோர் செய்து முழு வேலை முடிக்க பாய் சொன்ன மதிப்பு 55,000. நிராகரிக்காமல் இருந்தால் கையில் 25,000 அளவுக்கு வந்திருக்கலாம். மூன்று வருடச் சந்தா அது. அப்படி ஒரு சேதம், கம்பெனி ஒத்துக்கொள்ளும் காரணத்தால், மூன்று வருடத்துக்கு ஒரு முறை வந்தால்தான் கணக்கு நேராகும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை இன்ஜின் போகிற வண்டிக்குக் கவர் எதற்கு, விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இரண்டு வருடப் பில் ஃபைல்

ஒரு சம்பவத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று அக்காவின் ஃபைலில் இருந்த மற்ற பில்களையும் எடுத்துப் பரப்பினேன். 2022 ஜூனிலிருந்து: பேட்டரி 4,300, கிளட்ச் செட் 7,900, முன்பக்க ஷாக் அப்சார்பர், புஷ், லிங்க் ராடு 6,200, ஏசி கூலிங் காயில் 5,600, செல்ஃப் மோட்டார் கார்பன் பிரஷ் 900. மொத்தம் 24,900.

இதில் எதற்கும் கவரில் பணம் கிடையாது. பேட்டரி, கிளட்ச், புஷ் மூன்றும் தேய்மானம். ஏசி பட்டியலில் இல்லை. செல்ஃப் மோட்டார் பட்டியலில் இருந்தது, ஆனால் பில் 1,000 ரூபாய்க்குக் கீழே. பழைய வண்டி நம்மை நிறுத்துவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பாகங்களால்தான். தேய்ந்து, காய்ந்து, வெடித்துப் போகும் சாமான்கள். காப்பீடு என்பது வருமா வராதா என்று தெரியாத பெரிய நஷ்டத்தைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. கட்டாயம் வரப்போகும் சின்னச் செலவுக்கு அது ஒத்துவராது. வரப்போவது உறுதி என்று கம்பெனிக்கும் தெரியும். ஆகவே அந்தச் செலவோடு, விற்பவரின் கமிஷன், அலுவலகச் செலவு, லாபம், ஜிஎஸ்டி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை வைக்க முடியும், இல்லாவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எங்களிடம் இருந்த காகிதம் இரண்டையுமே செய்திருந்தது.

இன்னொன்றும் ஃபைலில் இல்லாமல் என் நினைவில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் அக்கா போனில் சொன்னாள், ரிசர்வ் டேங்கில் தண்ணீர் குறைகிறது, வாரம் ஒரு பாட்டில் ஊற்றுகிறேன் என்று. சரி, பாய்கிட்ட காட்டு என்று சொல்லிவிட்டு நானும் மறந்தேன், அவளும் மறந்தாள். மூடிய சிஸ்டத்தில் நீர் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம், வேறு அர்த்தமே இல்லை. அன்றைக்கே ரேடியேட்டரையும் ஹோஸையும் மாற்றியிருந்தால், கூலியோடு சேர்த்து ஆறாயிரம் சொச்சத்தில் முடிந்திருக்கும். ஒரு வருடக் கவர் பணத்தை விட இரண்டாயிரம் குறைவு. அம்மா அந்த வெயிலில் இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதும் வந்திருக்காது.

யாரிடம் முறையிடுவது

இதில் பலர் தடுமாறுகிறார்கள். கையில் இருப்பது காப்பீடா, சர்வீஸ் ஒப்பந்தமா என்று முதலில் பார்க்க வேண்டும். காப்பீடு என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கம்பெனிக்குக் கொடுத்த பதிவு எண் காகிதத்தில் இருக்கும். அந்த ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்தில் புகார் செய்யலாம், பிறகு சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எங்களிடம் இருந்தது அப்படியில்லை. 'வாரண்டி சேவை ஒப்பந்தம்' என்று தலைப்பு, பதிவு எண் எதுவும் இல்லை. அதற்குக் காப்பீட்டு குறைதீர்ப்பாளர் வரமாட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு மேல் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம், இதுதான் வழி.

அக்கா இரண்டு கடிதம் எழுதினாள். அதே பதில் வந்தது. அதிகபட்சம் 6,900-க்கு ஆணையத்துக்கு அலைவதில்லை என்று விட்டுவிட்டாள். அவள் நேரம், அவள் முடிவு. என்னைக் கேட்டால், 'முழுக்க கவர்' என்று வாயால் சொல்லி விற்றதற்காகவாவது 1915-ல் பதிந்திருக்க வேண்டும்.

எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஆர்எஸ்ஏ வாங்குங்கள். வண்டி எவ்வளவு பழையதோ அவ்வளவு அவசியம் அது. வீட்டில் வயதானவர்கள் வண்டியில் போனால், பெண்கள் தனியாக வெளியூர் ஓட்டினால், யோசிக்கவே வேண்டாம். வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஏற்றிப் போவார்கள், வருடத்துக்கு எத்தனை தடவை, கொடைக்கானல், ஊட்டி மாதிரி மலைப்பாதைக்கு வருவார்களா, பயணத்தைத் தொடர டாக்சி தருவார்களா என்று கேளுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்கள் அதை ஆட்-ஆனாக, அதாவது பாலிசியோடு கூடுதல் கவராக, சேர்க்க முடியாது. ஆட்-ஆன்கள் சொந்தச் சேதக் காப்பீட்டோடுதான் வரும். ஆனால் தனியாக ஆர்எஸ்ஏ மட்டும் விற்கிறார்கள், பழைய வண்டிக்கும் கிடைக்கும்.

காப்பீட்டில் 'இன்ஜின் பாதுகாப்பு' என்று ஒரு ஆட்-ஆன் இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். அது தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் பூட்டிக்கொள்வதற்கும், அடி பட்டு ஆயில் ஒழுகி இன்ஜின் கெடுவதற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் அதன் மதிப்பைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ரேடியேட்டர் ஒழுகியதற்கு அதில் பணம் வராது. பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் அதைத் தருவதும் இல்லை.

ரிப்பேர் கவரே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நான்கைந்து வயதான வண்டி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது டர்போ டீசல், கார் கம்பெனியே கொடுக்கும் நீட்டிப்பு வாரண்டி, சர்வீஸ் எல்லாம் ஒழுங்காகக் கம்பெனியில், இப்படி இருந்தால் வாங்கலாம். ஒரே ஒரு கியர்பாக்ஸ் கண்ட்ரோல் யூனிட்டோ டர்போவோ போனால் வரும் பில், ஏழெட்டு வருடச் சந்தாவைத் தாண்டிவிடும். அங்கே நஷ்டம் பெரியது, அபூர்வமானது, காப்பீட்டுக்கு ஏற்றது. பழைய கார் வாங்கும்போது டீலர் ஆறு மாத வாரண்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால், ஒப்பந்தத்தில் 'பின்விளைவு' என்ற சொல்லையும், பாகங்களில் நம் பங்கு எத்தனை சதவீதம் என்பதையும், ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பையும் தேடிப் பாருங்கள். இந்த மூன்றும் கண்ணில் படாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது

23,150 செலவழிப்பதா, வண்டியைத் தள்ளிவிடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் பேசினோம். ரிப்பேர் செய்யாமல் கேட்டவர்கள் 70,000 சொன்னார்கள், ஓடும் நிலையில் 1,40,000 போகும். ஆர்சி 2026 ஆகஸ்ட் வரை இருந்தது. பாடி துருப்பிடிக்கவில்லை. அதனால் ரிப்பேர் செய்தோம். பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கும்போது மறுபடி யோசிக்கலாம் என்று விட்டோம்.

ரிப்பேர் கவரை அக்கா ஜூனில் புதுப்பிக்கவில்லை. அந்தப் பணத்துக்கு மாதம் 700 ரூபாய் தபால் ஆபீஸ் ஆர்டியில் போடுகிறாள். ஆர்எஸ்ஏவை இந்த முறை 100 கிலோமீட்டர் வரை ஏற்றிப் போகும் திட்டமாக வாங்கினாள். வருடத்துக்கு ஒரு முறை பாய் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்க்கிறார், பெல்ட், பேட்டரி, கூலன்ட் பார்க்கிறார். அதற்கு அவர் வாங்குவது 400 ரூபாய். டாஷ்போர்டு பெட்டியில் ஒரு அட்டை இருக்கிறது: 1033, ஆர்எஸ்ஏ எண், பாய் எண், அதற்குக் கீழே சிவப்பு மையில் 'முள் ஏறினால் நிறுத்து. இறங்கினாலும் நிறுத்து.'

பொங்கலுக்குச் சென்னை வந்தவர்கள் திரும்பும் வழியில் திருமாந்துறை டோல்கேட்டுக்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார்கள். அக்கா பானெட்டைத் திறந்து ரிசர்வ் டேங்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். பச்சை கூலன்ட், இரண்டு கோட்டுக்கும் நடுவில். அம்மா பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.